சலூன் சொடக்கு வேண்டாம் அண்ணே

பின்மண்டையில் கிளம்பி வலது கண்ணுக்கு மேலே வந்து உட்காரும் தலைவலி எனக்கு. ஜிஎஸ்டி கணக்கு முடிக்கிற வாரம் என்றால் நிச்சயம். "ஒரு சொடக்கு எடுத்துவிட்டா போயிரும் சார்" என்பார் சலூன் அண்ணன். தலையைக் கொடுப்பதில்லை. கழுத்தை வெடுக்கென்று திருப்பியதில், அபூர்வமாகத்தான் என்றாலும், ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அந்த 'டக்' சத்தமும் எலும்பு இடத்துக்கு வருவதல்ல. மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி செய்யும் வேலை.

நான் போய்ப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் சொடக்கே எடுக்கவில்லை. கை மரத்துப்போகுதா, தலை சுத்துதா என்று முதலில் குடைந்தார். பிறகு பிடரிக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். கண்ணுக்கு மேல் அதே வலி! மேல்கழுத்து நரம்புகளும் முகத்தின் உணர்ச்சி நரம்பும் தண்டுவட உச்சியில் ஒரே இடத்தில் சேர்வதால், எங்கே வலிக்கிறது என்று மூளைக்கே குழப்பமாம்.

முதுகெலும்பையும் கழுத்தையும் கையால் அழுத்தி, சொடக்கெடுக்கும் கைரோபிராக்டிக் வைத்தியம் பிறந்த கதை வேடிக்கையானது. 1895இல், அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் டி.டி. பால்மர் ஒருவரின் முதுகெலும்பை அழுத்தி, கேட்காத காதைக் கேட்க வைத்ததாகச் சொன்னார். காதுக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தமோ!

எனக்குப் பலன் தந்தது, பிசியோதெரபிஸ்ட் கை வைத்தியத்தோடு சொல்லிக்கொடுத்த தாடையை உள்ளிழுக்கும் பயிற்சி. மானிட்டரையும் கண் மட்டத்துக்கு உயர்த்தியாச்சு.