லேடிஸ் சீட்ல இருந்து பாத்தா சேலம்: 300 ரூபா ஆட்டோவும் ஒரு அகமதாபாத் கதையும்

முதல்ல அந்த ஆட்டோ விஷயத்த கொட்டிடறேன், இல்லன்னா இன்னிக்கு தூக்கம் வராது. ஏற்காடு ஏரிக்கிட்ட இருந்து லேடிஸ் சீட் வியூ பாயிண்டுக்கு ஆட்டோக்காரர் 400 ரூபா கேட்டார். மிஞ்சிப்போனா ரெண்டு கிலோமீட்டர். "சேலம்தாங்கண்ணா நாங்களும்"னு சொன்னா, "அப்ப நடந்தே போயிருங்க, நல்ல காத்து"ன்னு நக்கல் வேற. பேரம் பேசி 300க்கு வந்தார். ரெண்டு பேருக்கு மொத்த பட்ஜெட்டே 1000 ரூபா, அதுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு அங்கயே காலி.

பஸ் கதை இன்னும் மோசம். ஞாயித்துக்கிழமை, புது பஸ் ஸ்டாண்டுலயே சீட் இல்ல, 20 கொண்டை ஊசி வளைவையும் கம்பிய புடிச்சு நின்னுக்கிட்டே ஏறினோம். ஒவ்வொரு வளைவுலயும் 7/20, 8/20னு போர்டு வருமில்ல, அத எண்ணிக்கிட்டே என் ஃப்ரெண்டு மூஞ்சி வெளுத்துப்போச்சு.

இவன் பொன்னம்மாப்பேட்டை பையன், சௌராஷ்டிரா வீடு, முள்ளுவாடி ரயில்வே கேட்ல நின்னு நின்னே வளந்தவன். 11 வருஷமா அகமதாபாத்ல வேலை. "எங்க தாத்தனுக்கு தாத்தன் குஜராத்துல இருந்து இங்க வந்தான், நான் ரிட்டர்ன் டிக்கெட்டு"ம்பான். போன மாசம் நான் அங்க போய் ஒரு வாரம் தங்கினதுல இருந்தே எனக்கு ஒரு வயித்தெரிச்சல். ஊரச் சுத்தி 76 கிலோமீட்டருக்கு ரிங் ரோடு, சர்தார் படேல் பேரு வெச்சது. இவ்ளோ நெலத்த எப்படிடா எடுத்தாங்கன்னு அப்பவே கேட்டேன், பதில் இப்பதான் மெளகா பஜ்ஜி சாப்பிடும்போது கெடச்சது. (பஜ்ஜி சூப்பர். சட்னி தண்ணி.)

எண்ணெய் பேப்பர்லயே வரஞ்சான். கோணல்மாணலா பத்து பேரோட வெவசாய நெலம். நம்மூர்ல என்ன ஆகும், ஒவ்வொருத்தரும் தனித்தனியா லேஅவுட் போடுவாங்க, ஒருத்தன் ரோடு அடுத்தவன் காம்பவுண்ட் சுவத்துல போய் முட்டி நிக்கும். அங்க டவுன் பிளானிங் ஸ்கீம்னு ஒண்ணு. பத்து பேர் நெலத்தையும் மொத்தமா பேப்பர்ல சேத்து, ரோடு, பார்க், ஸ்கூலுக்கு எடம் ஒதுக்கிட்டு, மிச்சத்த சதுரம் சதுரமா வெட்டி அவங்கவங்களுக்கே திருப்பி குடுத்துருவாங்க. 40 சதவீதம் வரைக்கும் எடுக்கலாம், அதாவது ஒரு ஏக்கர் குடுத்தா 60 சென்ட் கைக்கு வரும், ஆனா அந்த 60 சென்ட்டுக்கு முன்னாடி ரோடு இருக்கும், வெல ஏறிடும். எடுத்ததுல கொஞ்சத்த வித்து, வெல ஏறுனதுல ஒரு பங்கு வாங்கி, ரோடு, டிச்சு செலவ பாத்துக்குவாங்க. யாரோ ஒரு விவசாயி மட்டும் மொத்த நெலத்தையும் பறிகொடுத்துட்டு கோர்ட்டுக்கு அலையற கதை இல்ல. ரிங் ரோட்டுக்கும் பெரும்பாலான நெலம் இப்படித்தான் வந்துச்சாம். சட்டம் 1976ல போட்டது, அதுக்கு முன்னாடி பாம்பே மாகாணத்துல 1915லயே ஒண்ணு இருந்திருக்கு, நூறு வருஷப் பழக்கம்!

நம்ம ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலம் 2020ல தொறந்தாங்க, நல்லாத்தான் இருக்கு, நானே தெனம் போறேன். ஆனா அது கட்டடம் எல்லாம் வந்து நெருக்கி, எறங்கி நிக்க எடமில்லாம போனப்பறம் மேல ஏறின வழி. வீடு வர்றதுக்கு முன்னாடி ரோட்டுக்கு கோடு போடணும்யா, கவுன்சிலருங்க மேயருங்க யாராவது ஒரு வாரம் அங்க போய் அந்த மேப்ப மட்டும் பாத்துட்டு வரட்டும். அங்க சபர்மதி ஆத்தங்கரையில நின்னு செல்ஃபி எடுத்துட்டு வந்துராதீங்க!

ஏன்னா அந்த ஆத்தங்கரை எனக்கு அவ்ளோ புடிக்கல. பாக்க பளபளன்னு இருக்கு, ஆனா அங்க குடிசையில இருந்த ஆயிரக்கணக்கான குடும்பத்த தூக்கி ஊருக்கு வெளிய போட்டுட்டாங்க, ஓடற தண்ணியும் நர்மதா கால்வாய்ல இருந்து வர்றது. நம்ம திருமணிமுத்தாறு இதே சேர்வராயன் மலையில பொறந்து வர்ற ஆறு, டவுனுக்குள்ள வந்ததும் மூக்க பொத்திக்கிட்டு தாண்டறோம். கரைக்கு டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி அதுல கலக்கற சாக்கடைய நிறுத்துங்க.

இருட்டினதும் லேடிஸ் சீட்ல இருந்து கீழ பாத்தா சேலம் பூரா லைட்டு, 300 ரூபா போனா போகுதுன்னு தோணுச்சு. "அகமதாபாத்த மேல இருந்து பாத்தா கோடு தெரியும்டா, இது பொரி கொட்டின மாதிரி இருக்கு"ன்னான். கோவம் வந்துச்சு. சரி உன் வீடு எங்கன்னு காட்டுடான்னேன், பத்து நிமிஷம் தேடினான், கண்டுபுடிக்கல, எனக்கும் என் வீடு தெரியல.

கீழ எறங்கி புது பஸ் ஸ்டாண்டுக்கு வெளிய ஆளுக்கு ஒரு தட்டுவடை செட், பீட்ரூட்டு கேரட்டு எல்லாம் அள்ளிப் போட்டு. கையில மிச்சம் 40 ரூபா. பொன்னம்மாப்பேட்டைக்கு ஆட்டோ 200ன்னாங்க, டவுன் பஸ்சுக்கு நின்னோம்.