20 டிகிரி திரும்பி நின்ற சீஸ்மோமீட்டரும் வீணாய்ப் போன நான்கு மாதமும்

ரிசீவர் ஃபங்ஷன் (தொலைவு நிலநடுக்கங்களின் பதிவிலிருந்து நிலையத்துக்கு அடியிலுள்ள அடுக்குகளைக் கண்டறியும் முறை) செய்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலையத்தின் தகவல் கோப்பில் சீஸ்மோமீட்டரின் (நில அதிர்வுமானியின்) இரண்டு கிடைமட்டக் கூறுகளின் திசை வடக்கு 0, கிழக்கு 90 என்று அழகாக எழுதியிருந்தால் அதை அப்படியே நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். அந்த இரண்டு எண்களை நம்பியதில் எனக்கு நான்கு மாதம் போயிற்று.

மொத்தம் ஒன்பது தற்காலிக நிலையங்கள், ஒவ்வொன்றிலும் பதினான்கு மாதப் பதிவு. மேலோட்டின் தடிமனைக் கணக்கிட வேண்டும், அவ்வளவுதான். 30 முதல் 90 டிகிரி தொலைவில் (பூமியின் மையத்தில் அளக்கும் கோணம்) வந்த, 5.5க்கு மேற்பட்ட நிலநடுக்கங்களைப் பிரித்தெடுத்தது, டீகன்வல்யூஷன் (மூல அலைவடிவை நீக்கும் கணக்கு) ஓட்டியது எல்லாம் இரண்டு வாரத்தில் முடிந்தன. பெரும்பாலான நிலையங்களில் பி அலை வந்து நான்கு நொடிக்குச் சற்றுப் பின்னால் இன்னொரு துடிப்பு தெளிவாகத் தெரிந்தது. மேலோட்டுக்கும் அதன் கீழுள்ள கவசத்துக்கும் இடையிலான மோஹோ எல்லையில் எஸ் அலையாக மாறி வருவது அது. ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தடிமன்.

ஐந்தாவது நிலையம்தான் என்னை உட்கார வைத்தது. கிடைமட்ட அடுக்குகள் என்றால் டிரான்ஸ்வர்ஸ் கூறு (அலை வரும் திசைக்குக் குறுக்கான கிடைமட்ட அசைவு) கிட்டத்தட்ட வெறுமையாக இருக்க வேண்டும். இதில் பூஜ்ஜிய நொடியிலேயே ரேடியலில் (அலை வரும் திசையிலேயே உள்ள கிடைமட்ட அசைவு) மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு ஒரு துடிப்பு நின்றது. பக்கத்தில் ஒரு பெரிய பிளவு மண்டலம் வேறு. மோஹோ சரிந்திருக்கிறது, சரிந்த எல்லைதான் ஆற்றலை டிரான்ஸ்வர்ஸுக்குத் தள்ளுகிறது என்று முடிவு கட்டினேன். சரிவுக் கோணத்தை மாற்றி மாற்றி மாதிரி ஓட்டினேன், பொருந்தாதபோது கீழ் மேலோட்டில் திசைவேறுபாட்டை (அலைவேகம் திசைக்குத் திசை மாறுவதை) சேர்த்தேன், அப்போது ஓரளவு பொருந்தியது. சுதந்திரமான அளபுருக்கள் கூடினால் எதுவும் பொருந்தும் என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

உண்மையைச் சொன்னது தென்மேற்கிலிருந்து வந்த ஆறே ஆறு நிலநடுக்கங்கள். என்னிடம் இருந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே அமிழ்வு மண்டலத்திலிருந்து (ஒரு புவித்தட்டு இன்னொன்றின் கீழ் இறங்கும் இடம்), ஒரே திசையில் வந்தவை. சரிந்த எல்லை என்றால் டிரான்ஸ்வர்ஸ் துடிப்பு எதிர்த் திசையில் குறி மாற வேண்டும், 360 டிகிரிக்கு ஒரு சுற்று. கிடைமட்ட அச்சுள்ள திசைவேறுபாடு என்றால் 180 டிகிரிக்கு ஒரு சுற்று. இந்த ஆறிலோ அதே குறி, அதே விகிதம். ரேடியலை அப்படியே சுருக்கி ஒட்டியதுபோல இருந்தது. திசை எதுவானாலும் மாறாத ஒன்று பூமிக்குள் இருக்க வாய்ப்பில்லை, கருவிதான் திரும்பி நிற்கிறது.

சரி, நிறுவியபோது எழுதிய களச் சீட்டைப் பார்ப்போம் என்று தரவை வைத்திருக்கும் அலுவலகத்துக்கு எழுதினேன். மூன்று வாரம் பதில் இல்லை. போன் செய்தால் "கருவியின் சீரியல் எண் இல்லாமல் தேட முடியாது" என்றார்கள். சீரியல் எண் இருப்பதே அந்தச் சீட்டில்தான்! பழைய பொருத்துதல் பட்டியலில் தேடிப் பிடித்து அனுப்பினால் வேறு நிலையத்தின் சீட்டு வந்தது. இரண்டாவது முறையும் அதேதான். மூன்றாவது முறை வந்ததில் ஒரு படம் இருந்தது. சிமென்ட் மேடை, அதன் ஓரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கம்பியின் முனை, அதிலிருந்து ஒரு சாண் தள்ளி காந்தத் திசைகாட்டி. சீட்டில் "வடக்கு சரிபார்க்கப்பட்டது" என்று மட்டும். காந்த விலக்கத்தை (காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடையிலான கோணத்தை) கழித்தார்களா இல்லையா என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

நேரில் அளக்கலாம் என்று காந்தத்தைச் சாராத ஜைரோ திசைகாட்டியை மூன்று நாள் இரவல் வாங்கிப் போனேன். பெட்டியின் பூட்டை மாற்றியிருக்கிறார்கள், சாவி யாரிடம் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். போவதற்கு முன் சாவியைப் பற்றி எழுத்தில் கேளுங்கள்.

கடைசியில் தரவை வைத்தே தீர்த்தேன். ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் இரண்டு கிடைமட்டக் கூறுகளையும் ஒவ்வொரு டிகிரியாகச் சுழற்றி, பி அலையின்போது டிரான்ஸ்வர்ஸ் ஆற்றல் எங்கே மிகக் குறைகிறது என்று பார்த்து, எல்லாவற்றுக்கும் இடைநிலை எடுத்தால் 20 டிகிரி. அது போதாது என்று நிலத்தின் மேற்பரப்பை ஒட்டிப் பரவும் ராலே அலையிலும் பார்த்தேன். செங்குத்துக் கூறும் ரேடியலும் 90 டிகிரி கட்ட வேறுபாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 19 கொடுத்தது. அதைத் திருத்தியதும் அந்தத் துடிப்பு இரைச்சல் அளவுக்கு அடங்கியது. நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள் நடந்தேன்.

தடிமன் ஏறக்குறைய மாறவே இல்லை. 20 டிகிரி திரும்பினால் ரேடியலின் உயரத்தில் 6 சதவீதம்தான் குறையும், நேரம் மாறாது. தடிமனை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் இந்தப் பிழை படாமலே போய்விடும். எஸ்கேஎஸ் பிளவு (பூமியின் வெளிக்கருவைக் கடந்து வரும் அலை இரண்டாகப் பிரிவதை அளப்பது) செய்கிறவர்களுக்கோ கவசத்தில் அலை வேகமாகச் செல்லும் திசை முழுசாக 20 டிகிரி தவறிவிடும்.

அப்புறம் மீதி எட்டையும் சோதித்தேன். ஏழாவது 8 டிகிரி திரும்பியிருக்கிறது. அந்த அளவில் டிரான்ஸ்வர்ஸில் 14 சதவீதம்தான் கசியும் என்பதால் நான் அதை இரைச்சல் என்று விட்டிருந்தேன். அதன் களச் சீட்டைக் கேட்டு நேற்று எழுதியிருக்கிறேன், இந்த முறை சீரியல் எண்ணையும் நிறுவிய தேதியையும் முதல் வரியிலேயே போட்டு.