முக்கால் சுற்றுக்கு ஒரு 'சர்க்': அடிபட்டு வந்த டர்போவை மாற்றி வாங்கிய கதை

டர்போவின் வாய்க்குள் ஒரு விரலை விட்டுக் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் வீலை மெல்லச் சுற்றினேன். முக்கால் சுற்றுவரை சத்தமே இல்லை. அப்புறம் ஒரு 'சர்க்'. மறுபடி சுற்றினேன், அதே இடத்தில் மறுபடி 'சர்க்'. ஒரு வருடம் யோசித்து, காசு சேர்த்து வாங்கிய கிட். பெட்டி பிரித்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

டர்போ என்பது எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. என் கார் அது இல்லாமல் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அப்படிப்பட்ட காருக்கென்றே விற்கும் முழு கிட்டாக வாங்கினேன். டர்போ, இன்ஜின் புகையை டர்போவுக்குக் கொண்டுவரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர், பைப்புகள், ஆயில் லைன், கேஸ்கெட், கிளாம்ப் எல்லாம் ஒரே பெட்டியில். பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்ததை வாசலிலேயே பார்த்தேன். பார்த்தும், 'நல்ல நிலையில் பெற்றேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். கூரியர்காரர் அவசரப்பட்டார், எனக்கும் கை பரபரத்தது. 'மூலை நசுங்கியுள்ளது' என்று இரண்டு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், பின்னால் பாதி மின்னஞ்சல்கள் தேவைப்பட்டிருக்காது.

நசுங்கிய மூலைப் பக்கம் இருந்தது இன்டர்கூலர் என்று நினைத்து அதைத்தான் முதலில் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். நான்கைந்து ஃபின் (மெல்லிய தகடு) மடங்கியிருந்தது, அவ்வளவுதான். டர்போவின் மேல் பார்வைக்கு ஒன்றுமே தெரியவில்லை. காற்று உள்ளே போகும் வாயின் விளிம்பில் நகத்தை ஓட்டினால் மட்டும் ஓர் இடத்தில் லேசாகத் தட்டியது. பிளாஸ்டிக் மூடி அந்த இடத்தில் வெளுத்திருந்தது. விழுந்த அடி மூடி வழியாக, வீலைச் சுற்றியுள்ள வெளிக்கூடான ஹவுசிங்கில் இறங்கியிருக்கிறது.

கிட்டைப் பார்க்க வந்த நண்பன் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டான். "எமரி ஷீட்டை வெச்சு அந்த இடத்தை ரெண்டு தேய் தேய்ச்சு விடுடா மச்சான், இதுக்குப் போய் திருப்பி அனுப்புவியா?" உண்மையைச் சொன்னால், எமரி ஷீட்டைக் கையில் எடுத்தும் விட்டேன். நல்லவேளை, தேய்ப்பதற்கு முன் பட்டறை அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். "தம்பி, அது என்ன வண்டிச் சக்கரமா, தேய்ச்சு உருட்ட? கையை எடு. மொதல்ல ஃபோட்டோ எடு" என்றார்.

அவர் ஏன் பதறினார் என்பது அப்புறம் கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. இந்த அளவு டர்போ நிமிடத்துக்கு 1,20,000 சுற்று போவது சாதாரணம். அதாவது நொடிக்கு 2,000 சுற்று. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள வீல் என்றால் அதன் விளிம்பு நொடிக்கு 300 மீட்டருக்கு மேல் ஓடுகிறது, ஒலியின் வேகத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த வேகத்தில் ஓர் அலுமினிய பிளேடு ஹவுசிங்கின் உள்சுவரை உரசினால் வெறும் 'சர்க்' சத்தத்தோடு நிற்காது. உடைந்த துண்டு இன்டர்கூலர் வழியாக இன்ஜினை நோக்கித்தான் போகும். தேய்த்தால் உரசல் சத்தம் நிற்கலாம். வீலின் பேலன்ஸ் போயிருந்தால் அதை எமரி ஷீட் சரிசெய்யாது. மேலும், தேய்த்த தடம் இருக்கும் பொருளை எந்தக் கடைக்காரரும் திருப்பி எடுக்க மாட்டார்.

அன்று மாலையே விற்றவர்களுக்கு எழுதினேன். பெட்டியின் ஆறு பக்கமும், நசுங்கிய மூலையும், உள்ளே டர்போ வைக்கப்பட்டிருந்த விதமும், சீரியல் நம்பரும் படமாகப் போயின. சுற்றும்போது வரும் சத்தத்துக்கு ஒரு வீடியோ. இதற்கு நடுவில் வீட்டில் பெட்டியை மடித்துக் குப்பையோடு வைத்துவிட்டார்கள், ஓடிப்போய் மீட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து வந்த பதில்: "இது ஜர்னல் பேரிங் டர்போ. ஆயில் இல்லாதபோது ஷாஃப்ட் ஆடுவது இயல்பு. ஆயில் பிரஷர் வந்ததும் நடுவுக்கு வந்துவிடும்."

எரிச்சலாக இருந்தாலும் இதைப் பொய் என்று தள்ள முடியாது. ஜர்னல் பேரிங்கில் ஷாஃப்ட் மிதப்பதே ஆயில் படலத்தின் மேல்தான். காய்ந்த நிலையில் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். முன்னும் பின்னுமாக இழுத்தால்தான் ஆட்டம் ஏறக்குறைய தெரியவே கூடாது. பக்கவாட்டில் அழுத்திக்கொண்டே சுற்றினால் நல்ல டர்போவும் உரசக்கூடும். ஆகவே, என் டர்போவில் கேட்கும் உரசல் ஆட்டத்தால் வருவது அல்ல என்று நான் காட்ட வேண்டும். வேலை என் தலையில்.

அதற்கு வழி சொன்னதும் பட்டறை அண்ணன்தான், ஒரு ஸ்கெட்ச் பேனாவை வைத்து. ஆயில் நுழையும் துளையில் சில சொட்டு சுத்தமான இன்ஜின் ஆயில் விட்டு, வீலைச் சில சுற்று சுற்றிப் பேரிங்கை நனைத்தோம். வீலில் பெரிய பிளேடு ஆறு, நடுநடுவே சிறியவை ஆறு. பெரியவற்றுக்கு 1 முதல் 6 வரை நம்பர் போட்டு, ஓரங்களில் கறுப்பு மை பூசினோம். ஹவுசிங்கின் உள்சுவரிலும் ஒரு வளையமாகப் பூசினோம். பக்கவாட்டில் அழுத்தாமல், நடு நட்டைப் பிடித்துப் பத்து சுற்று. டார்ச் அடித்துப் பார்த்தால் 2, 3 ஆகிய இரண்டு பிளேடுகளின் ஓரத்தில் மட்டும் மை போயிருந்தது. சுவரில் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, விளிம்பு தட்டிய இடத்துக்கு நேர் உள்ளே சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு ஒரு பளிச் கீறல். மற்ற இடமெல்லாம் மை அப்படியே.

ஷாஃப்ட் ஆடுவதால் உரசினால் எல்லா பிளேடும் உரச வேண்டும். ஹவுசிங் மட்டும் கோணியிருந்தால் அந்த இடத்தைக் கடக்கும் ஒவ்வொரு பிளேடும் உரச வேண்டும். பக்கத்துப் பக்கத்து இரண்டு பிளேடு மட்டும், அதுவும் அடிபட்ட இடத்தில் மட்டும் உரசுகிறது என்றால், அடி விழுந்த நேரத்தில் வீல் நின்றுகொண்டிருந்தது, சுவர் உள்ளே வந்து அந்த இரண்டையும் அழுத்தியிருக்கிறது என்று பொருள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த இரண்டின் நுனியிலும் உலோகம் மயிரிழை அளவு மடங்கியிருப்பது தெரிந்தது.

இதை அனுப்பியதும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. "வண்டியில் மாட்டி ஓட்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். கோபம் வந்தது. ஆனால் மேலே சொன்ன கண்டுபிடிப்பே இதற்கும் பதில். ஓடும்போது உரசியிருந்தால் ஆறு பிளேடும் தேய்ந்திருக்கும். எக்ஸாஸ்ட் பக்க ஹவுசிங்கில் துளி கரி இல்லை, ஸ்டட் துளைகளில் ஸ்பேனர் பட்ட தடம் இல்லை, ஆயில் வெளியேறும் துளையில் தொழிற்சாலை மூடி அப்படியே. அவற்றையும் படமெடுத்து அனுப்பினேன்.

அப்புறம் ஒரு வாரம் மௌனம். பிறகு, "கம்ப்ரஸர் ஹவுசிங் மட்டும் அனுப்புகிறோம், நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார்கள். ஒப்புக்கொள்ளலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன், ஏனென்றால் விடுமுறை கரைந்துகொண்டிருந்தது. ஆனால் நுனி மடங்கிய பிளேடுகள் அப்படியே இருக்கும். ஷாஃப்டும் வீலும் சேர்த்துத்தான் பேலன்ஸ் செய்யப்படுகின்றன. அடி ஷாஃப்டை வளைத்திருக்கிறதா என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. நான் ஒரு வரிதான் எழுதினேன்: "ஹவுசிங் மட்டும் மாற்றினால், இந்த வீலுடன் ஓட்டலாம், வாரண்டி உண்டு என்று எழுத்தில் தர முடியுமா?" மறுநாளே முழு டர்போ மாற்றித் தருவதாகப் பதில் வந்தது. திருப்பி அனுப்பும் செலவும் அவர்களுடையது. முதலில் முழு கிட்டையும் கேட்டார்கள், பிறகு டர்போ மட்டும் போதும் என்று இறங்கி வந்தார்கள்.

எல்லாம் சேர்த்து ஐந்து வாரம். சும்மா இருக்க மனம் வராமல் மற்றவற்றைச் சோதித்தேன். மேனிஃபோல்டின் ஃபிளேஞ்ச்மேல் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டையான முகம்) நேர்விளிம்பு ஸ்கேலை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் பார்த்தோம், கோணல் இல்லை. இன்டர்கூலரின் இரண்டு வாயையும் அடைத்துக் கிளாம்ப் போட்டு, 20 பிஎஸ்ஐ காற்று ஏற்றி வெல்டிங் மேலெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினோம். குமிழி வரவில்லை. (காற்று ஏற்றும்போது அடைப்புக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். பிடுங்கிக்கொண்டால் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும்.)

புது டர்போ வந்தபோது கூரியர்காரரை நிற்கவைத்தே பெட்டியைப் பிரித்தேன். அவர் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டியதில்லை. மை பூசி, பத்து சுற்று. ஆறு பிளேடிலும் மை பூசினபடியே இருந்தது. ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் பட்டறைக்குத் தூக்கிப்போனேன்.

மாட்டும்போது அண்ணன் இரண்டு விஷயத்தில் விடாப்பிடி. ஆயில் ஃபிளேஞ்சில் கேஸ்கெட் மட்டும்தான், பசை கிடையாது. பிசிறு உள்ளே போனால் ஆயில் வழி அடைபடும். ஆயில் திரும்பும் குழாய் வழி முழுக்கக் கீழ்நோக்கியே இறங்க வேண்டும், எங்கும் தொய்ந்து குழியாகக் கூடாது. இக்னிஷனையும் பெட்ரோலையும் நிறுத்திவிட்டு, அந்தக் குழாயின் அடிமுனையைக் கழற்றி ஒரு டப்பாவில் விட்டு, விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினார். டப்பாவில் ஆயில் கொட்ட ஆரம்பித்த பிறகுதான் குழாயை மாட்டி, இன்ஜினைக் கிளப்ப விட்டார்.

டர்போவுக்கு ஏற்ப இன்ஜினைச் சரிசெய்யும் டியூனிங் முடிகிறவரை பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) ஏற்றாமல்தான் ஓட்டினேன். 500 கிலோமீட்டர் தாண்டியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்டேக் குழாயைக் கழற்றி, விரலை விட்டு வீலைச் சுற்றினேன். முக்கால் சுற்று வந்ததும் கை தானாக நின்றது. மிச்சக் கால் சுற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுக் குழாயை மாட்டினேன்.