பிரெட் டின் எத்தனை ஆழாக்குப் பிடிக்கும்?

நங்கநல்லூரில் எங்கள் வீட்டு ஓடிஜி என்னும் சிறு மின் அடுப்பில் பிரெட் சுடத் தொடங்கிய முதல் எட்டு மாதங்களில் எனக்குக் கிடைத்தவை எல்லாம் மேற்புறம் தட்டையாக, டின்னின் விளிம்பை எட்டாமல் பாதியிலேயே நின்றுவிட்ட பிரெட்டுகள்தான். ஈஸ்ட் பழையதாகிவிட்டதோ என்று புதிய பொட்டலம் வாங்கினேன். பிசைவது போதவில்லையோ என்று கை கடுக்கும்வரை பிசைந்தேன். மாவின் பிராண்டைக்கூட இரண்டு முறை மாற்றினேன். தியாகராய நகரில் ஒரு பாத்திரக் கடையில், “எல்லாரும் இதைத்தான் சார் வாங்குறாங்க” என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட அந்த 9க்கு 5 அங்குல டின்மீது மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சந்தேகத்தைக் கிளப்பியவர் என் அம்மா. பிரெட் சுடுவதைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது; ஆனால் ஒரு நாள் டின்னைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எத்தனை ஆழாக்குடா பிடிக்கும்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், நம் வீடுகளில் பாத்திரங்களைக் கொள்ளளவை வைத்துத்தான் அழைத்து வந்திருக்கிறோம்: அரைப்படி வெண்கலப் பானை, கால்படி உருளி என்று. இன்றும் குக்கர் வாங்கப் போனால் 3 லிட்டரா 5 லிட்டரா என்றுதான் கேட்கிறோம். பிரெட் டின்னை மட்டும் அங்குலத்தில் விற்கிறார்கள், நாமும் அங்குலத்திலேயே வாங்கிவிடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

கடைகளில் அதிகமாகக் கிடைக்கும் இரண்டு அளவுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று எட்டரைக்கு நாலரை அங்குலம், மற்றொன்று 9க்கு 5 அங்குலம். நீளத்திலும் அகலத்திலும் அரை அங்குலம்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் முதலாவதில் ஏறத்தாழ 1.4 லிட்டர் தண்ணீர் பிடிக்கும், இரண்டாவதில் 1.9 லிட்டர் வரை பிடிக்கும். அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். சிறியதற்காக எழுதப்பட்ட செய்முறையைப் பெரியதில் ஊற்றினால், இரண்டு பேருக்கு வடித்த சோற்றைக் கல்யாண அண்டாவில் போட்ட கதையாகிவிடும்.

போதாததற்கு, லேபிளில் உள்ள அங்குலத்தை எங்கிருந்து எங்கே அளந்தார்கள் என்பதும் கடைக்குக் கடை மாறுகிறது. சிலர் வெளி மடிப்பையும் சேர்த்து அளக்கிறார்கள். சிலர் உள்விளிம்பை அளக்கிறார்கள். பெரும்பாலான டின்களின் சுவர் கீழே குறுகி மேலே விரிந்து சாய்வாக இருப்பதால், மேலே 9 அங்குலம் இருப்பது அடியில் எட்டே கால்தான் இருக்கலாம். ஆகவே நான் இப்போது செய்வது ஒன்றுதான்: காலி டின்னைச் சமையல் தராசில் வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி நிறுத்துவிடுகிறேன். ஒரு கிராம் தண்ணீர் என்பது ஒரு மில்லிலிட்டர். மூலைகளில் மடித்துச் செய்யப்பட்ட டின்னாக இருந்து தண்ணீர் ஒழுகினால், அரிசியைக் கொட்டி நிரப்பி, அந்த அரிசியை அளவுக் குவளையில் அளந்துகொள்ளலாம்.

கொள்ளளவு தெரிந்த பிறகு கணக்கு எளிது. மைதாவில் செய்யும் சாதாரண சாண்ட்விச் பிரெட்டுக்கு, டின்னின் மில்லிலிட்டரை 2.3 ஆல் வகுத்தால் கிடைப்பது பிசைந்த மாவின் மொத்த எடை. எனவே 1.4 லிட்டர் டின்னுக்கு 600 கிராம் மாவு, அதாவது சுமார் 350 கிராம் மைதாவும் அதற்கான தண்ணீர், எண்ணெய், சர்க்கரை வகையறாவும். 1.9 லிட்டர் டின்னுக்கு 800 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். முழுக் கோதுமை மாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நம் ஊர்ச் சக்கி ஆட்டா கல்லில் நைசாக அரைபடுவதால் தண்ணீரை நிறைய உறிஞ்சும்; தவிடும் சேர்ந்திருப்பதால் மைதாவைப் போல உப்பாது. அதற்கு நான் 2 ஆல் வகுக்கிறேன். 300 கிராம் ஆட்டாவில் பிசைந்தால் எனக்கு 570 கிராம் அளவுக்கு மாவு வருகிறது. அதற்கு 8க்கு 4 அங்குல டின், சுமார் 1.1 லிட்டர், கச்சிதமாக இருக்கிறது. அதே மாவைத்தான் நான் எட்டு மாதங்களாக 1.9 லிட்டர் டின்னில் போட்டுவிட்டு ஈஸ்ட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூடியோடு வரும் சதுர புல்மேன் டின்னில் மாவு விளிம்புக்கு மேல் எழும்ப வழியில்லை, மூடிவரை நிரம்பினால் போதும் என்பதால் அதற்கு மூன்றரைக்குச் சற்று மேலான எண்ணால் வகுக்க வேண்டும்.

சரியான அளவு டின் சென்னைக்காரர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குளிர்நாட்டுச் செய்முறைகளில், டின்னில் வைத்த மாவு இரண்டாம் முறை உப்ப ஒரு மணி நேரம் விடுங்கள் என்று எழுதியிருக்கும். அது 24, 25 டிகிரி சமையலறைக்கான நேரம். மே மாதத்தில் நம் சமையலறை 34 டிகிரியில் இருக்கும்போது அதே மாவு அரை மணியிலேயே உப்பி முடித்துவிடும். கடிகாரத்தை நம்பி ஒரு மணி நேரம் விட்டால் உள்ளே காற்று தாங்காமல் அடுப்பில் அமுங்கிப்போகும். மார்கழியிலோ நிலைமை வேறு. ஆகவே இங்கே நம்பத்தக்க கடிகாரம் டின்னின் விளிம்புதான். மாவின் நடுமுதுகு விளிம்பைத் தாண்டி ஒரு விரற்கடை எழும்பியதும் அடுப்பில் வைத்துவிட வேண்டும். ஆனால் டின் பெரிதாக இருந்தால் மாவு அந்த இடத்தை எப்போதுமே எட்டாது. நாமும் எட்டட்டும், எட்டட்டும் என்று காத்திருந்து அதைக் கெடுப்போம். என் தட்டைப் பிரெட்டுகளில் பாதி இப்படிக் காத்திருந்து கெட்டவையே. டின் சிறிதாக இருந்தால் எதிர்ப்பக்கத் தொல்லை: விளிம்பைச் சீக்கிரம் தாண்டிவிட்டதே என்று அவசரமாக அடுப்பில் வைப்போம், மாவு காளான் போல இருபுறமும் வழிந்து, மேலே கருகி, நடுவில் வேகாமல் இருக்கும்.

அடுப்பையும் அளக்க வேண்டும். 16, 19 லிட்டர் ஓடிஜியில் மேல் கம்பிக்கும் தட்டுக்கும் இடையே இடம் அதிகம் இருக்காது. டின்னின் உயரம் 7 செ.மீ., அதற்கு மேல் பிரெட் எழும்புவது 4 செ.மீ. என்றால் 11 செ.மீ. ஆகிறது, அதற்கும் மேலே கொஞ்சம் வெளி வேண்டும். நான் கீழ்த்தட்டில் வைத்து, பாதி நேரத்தில் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்திவிடுகிறேன். டின்னைச் சுற்றி நான்கு பக்கமும் இரண்டு விரல் இடைவெளியாவது இல்லையென்றால் வெப்பக்காற்று சுழலாது.

கேக்குக்கு இவ்வளவு கறார் தேவையில்லை; டின்னில் மூன்றில் இரண்டு பங்குவரை ஊற்றிவிட்டு மிச்சத்தைக் கிண்ணத்தில் சுட்டுக்கொள்ளலாம். 2 அங்குல உயரமுள்ள 8 அங்குல வட்ட டின்னுக்கான கலவை எட்டரை அங்குல பிரெட் டின்னில் சரியாக அடங்கும். ஆழம் கூடுவதால் நேரம் மட்டும் கூடும்; குச்சியை நடுவில் குத்திப் பார்க்காமல் எடுக்கக் கூடாது.

எந்த உலோகம் என்றால், என் ஓட்டு வெளிர்நிற அலுமினியத்துக்கு. கறுப்பு நான்ஸ்டிக் டின் வெப்பத்தை அதிகம் இழுத்து ஓரங்களைச் சீக்கிரம் கருக்கும் என்பதால் 15 டிகிரி குறைத்து வைக்க வேண்டியிருக்கும். தகரத்தில் செய்தவை நம் கடற்காற்றில் துரு ஏறிவிடும். கழுவியதும் சூடு ஆறாத அடுப்புக்குள் வைத்து உலர்த்தினால் தப்பிக்கலாம். சிலிக்கோன் டின்னை நான் விரும்புவதில்லை; பிரெட்டின் எடைக்குப் பக்கவாட்டில் வயிறு தள்ளி நிற்கும்.

கடைசியாக, வீட்டில் எத்தனை பேர் என்பது. பதப்படுத்தும் பொருள் எதுவும் சேர்க்காத பிரெட்டில் இந்த ஈரக்காற்றுக்கு மூன்றாம் நாளே பூஞ்சை பூத்துவிடுகிறது. நானும் அம்மாவும் இரண்டு நாளில் தின்று முடிப்பது 8க்கு 4 டின் பிரெட்தான். இந்தக் கணக்கெல்லாம் முடிந்த பிறகு பாரிமுனைப் பக்கம் போய் அந்த அளவில் ஒன்று வாங்கினேன். வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கேட்டு, அங்கேயே ஊற்றிப் பார்த்தேன். பில் போட்டதும், என்ன பெயர் வெட்டட்டும் என்று கேட்டார். அடியில் “1.1 லி” என்று வெட்டச் சொன்னேன். பெயர் சார், பெயர் என்று அவர் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் வெட்டிக் கொடுத்தார்.