இனிஷியலுக்காகக் காத்திருந்த 41 நாள்

கோலாலம்பூரில் முதுகலை படிக்க இடம் கிடைத்த கடிதம் வந்தது 2023 மே மாதம். அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெரு முழுக்க அம்மா கேசரி கொடுத்தாள். சிக்கல் அந்தக் கடிதத்துக்குள்ளேயே இருந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை என் சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயரும், பக்கத்தில் அப்பா பெயரின் முதலெழுத்தும்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அதனால் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா மையத்தில் அப்பாவின் முழுப்பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுத்திருந்தேன். பல்கலைக்கழகமோ மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக் கடிதம் அடித்துவிட்டது. நம்ம ஊரில் இதை யாரும் ஒரு பொருட்டாக எடுக்க மாட்டார்கள். வெளிநாட்டு அலுவலகத்துக்கு அது இரண்டு ஆள்.

மலேசியாவில் மாணவர் விசா விண்ணப்பத்தை நாம் நேரே குடிநுழைவுத் துறைக்குக் கொண்டுபோவதில்லை. பல்கலைக்கழகம் வழியாக ஈ.எம்.ஜி.எஸ். என்ற அமைப்புக்குப் போகும். அங்கிருந்து பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. என் விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்ட ஏஜென்ட், "பாஸ்போர்ட்டையே மாத்திருங்க" என்றார். அதைக் கேட்டிருந்தால் அந்த ஆண்டே போயிருக்கும். மாற்ற வேண்டியது கடிதத்தை. எங்கள் ஊர் கோர்ட் பக்கம் ஒரு நோட்டரி வக்கீலிடம் 20 ரூபாய் பத்திரத்தில், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று பிரமாணம் எழுதி வாங்கினோம். அதையும் பாஸ்போர்ட் நகலையும் சேர்த்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். திருத்திய கடிதம் கைக்கு வர 41 நாள். அந்த நாளெல்லாம் அப்பா சாயங்காலம் ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போது வாசலில் நின்று, "இன்னைக்காவது வந்துச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். தன் பெயரால் வந்த தடங்கல் என்று அவர் மனசுக்குள் வைத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பின் எல்லாம் வேகம். மாணவர் விசாவுக்கான ஒப்புதல் கடிதம், அதைக் காட்டி ஒருமுறை நுழைவதற்கான விசா, திருச்சியிலிருந்து விமானம். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமல் மலேசியா போகலாம் என்று வந்துவிட்டது. அது சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு. படிக்கப் போகிற பிள்ளைகள் அதை நம்பி ஏறிவிடக் கூடாது, ஒப்புதல் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

இறங்கிய 7 வேலை நாளுக்குள் மருத்துவப் பரிசோதனை. ரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே. பிறகு மாணவர் பாஸ், அதாவது அங்கே தங்கிப் படிப்பதற்கான அனுமதி, ஒட்டுவதற்காகப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். இதற்கு யாரும் நம்மைத் தயார்ப்படுத்துவதில்லை. தெரியாத ஊரில் பாஸ்போர்ட் இல்லாமல் வாரக்கணக்கில் இருப்பது வயிற்றைக் கலக்கும். பாஸ்போர்ட் எங்களிடம் இருக்கிறது என்று பல்கலைக்கழகம் ஒரு கடிதம் தந்தது. அதையும் பாஸ்போர்ட் நகலையும் பையிலிருந்து எடுக்கவே கூடாது. நான் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன்.

பாஸ்போர்ட்டைக் கொடுக்கப் போன அன்று கவுன்டரில் இருந்தவர் மலேசியத் தமிழ்ப் பெண். என் பெயரையும் கூடவே இருந்த பிரமாணப் பத்திரத்தையும் பார்த்தார். "இது அப்பா பேருதானே? எங்களுக்கு நடுவுல ஏ/பி போட்டிருவாங்க" என்று தன் அடையாள அட்டையைக் காட்டினார். ஏ/பி என்றால் மலாயில் 'அனாக் பெரெம்புவான்', இன்னாருடைய மகள். ஆண்களுக்கு ஏ/எல். அவ்வளவு நாள் நான் விளக்கிக் களைத்த விஷயம் அந்த ஊர் அட்டையில் இரண்டு எழுத்தில் இருந்தது. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கு மதியம் ஒரு மாமக் கடையில், தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடை அது, நம்ம பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் சாப்பிட்டேன். கல்லாவில் இருந்த பெரியவர் என் பேச்சைக் கேட்டதும், "ஏம்மா, தின்னவேலி பக்கமா?" என்றார். அவருடைய வாப்பா கடையநல்லூரிலிருந்து கப்பலேறி வந்தவராம். "ஆத்துல தண்ணி வருதா?" என்று கேட்டார். வருது என்றேன். நான் குடித்த தே தாரிக்குக்கு, நம்ம ஆற்றின டீதான், காசு வாங்கவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பாஸைப் புதுப்பிக்க வகுப்பு வருகை 80 சதவீதம் வேண்டும். செமஸ்டர் நடக்கும்போது பகுதிநேர வேலை செய்ய அனுமதி கிடையாது. 7 நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில் மட்டும், அதுவும் அனுமதி வாங்கி, வாரத்துக்கு 20 மணி நேரம். வேலை செய்தே கட்டணம் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடன் வாங்கி அனுப்புகிற வீடுகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பாஸ் ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். அங்கே காலை ஆறரை, இங்கே ஒன்பது. அம்மாதான் போனை எடுத்தாள். "ஏட்டி, அப்பா கண்ணாடியத் தேடிட்டு இருக்காவ. பேரு சரியா இருக்கான்னு வாசிக்கணுமாம்."