‘செலுத்தப்பட்டது’ என்றது இணையதளம், பாஸ்புக்கில் ஒரு வரியும் இல்லை

பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் ஏழை ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு அரசு தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று சொல்லித் தர யூடியூபில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு அந்தப் பணம் எந்த வழியாக வருகிறது, வழியில் எங்கே திசை மாறிப் போகக்கூடும் என்பதைச் சொல்லத்தான் ஆளில்லை. என் தம்பியின் படிப்புக்காகக் கல்லூரிக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் வங்கிக்குமாக அலைந்த எரிச்சல் இன்னும் தீராத நிலையில் இதை எழுதுகிறேன்.

தம்பி சுயநிதிப் பொறியியல் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கலந்தாய்வில் இடம் பெற்ற ஆதிதிராவிடர் மாணவன். அப்பா கொத்தனார் வேலை செய்கிறார். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய் என்ற வரம்புக்குள்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான் என்பதால் அதற்கான கட்டணச் சலுகை என்னோடு முடிந்துவிட்டது. பள்ளிப் படிப்பு அரசு உதவிபெறும் பள்ளியில் என்பதால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அவனுக்குப் பொருந்தவில்லை. ஆகவே, சுயநிதிக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டில் சேரும் ஆதிதிராவிட மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012இல் வந்த 92ஆம் எண் அரசாணையையும் போஸ்ட் மெட்ரிக் திட்டத்தையும் நம்பித்தான் அவனைச் சேர்த்தோம். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இது கிடைக்காது என்பதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இடம் பிடித்துத் தரும் தரகர்கள் இதை ஒருபோதும் சொல்வதில்லை.

முதலில் வருமானச் சான்றிதழ். சாதிச் சான்றிதழை ஒருமுறை இணையவழியில் வாங்கிவிட்டால் போதும். வருமானச் சான்றிதழுக்கோ ஆயுள் ஓராண்டுதான். இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய் கட்டி விண்ணப்பிப்பது ஐந்து நிமிட வேலை. அதன் பிறகு அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று படியேற வேண்டும். எங்கள் ஊர் வி.ஏ.ஓ. பக்கத்துக் கிராமத்தையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துவந்ததால், நாங்கள் போகும் நாளில் அவர் அங்கே இருப்பார், அங்கே போனால் வட்டாட்சியர் அலுவலகக் கூட்டத்தில் இருப்பார். ஒருவழியாக அவரைப் பார்த்தபோது, “சம்பளச் சான்று எங்கேம்மா?” என்று கேட்டார். கொத்தனாருக்கு யார் சம்பளச் சான்று தருவார்கள்? தினக்கூலி என்பதைத் தன்னுறுதிமொழியாக எழுதி அப்பாவே கையெழுத்திட்டுத் தந்த பிறகும், வருவாய் ஆய்வாளர் மட்டத்தில் அது திருப்பி அனுப்பப்பட்டது. காரணம் என்னவென்று பார்த்தால், உறுதிமொழியில் மாத வருமானமும் விண்ணப்பத்தில் ஆண்டு வருமானமும் எழுதப்பட்டிருந்தனவாம். பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றேதான். ஆனால் பெருக்கிப் பார்ப்பது யாருடைய வேலை என்பதில் அங்கே கருத்து வேறுபாடு இருந்தது. மீண்டும் அறுபது ரூபாய், மீண்டும் அதே படிக்கட்டு.

அடுத்த ஆண்டிலிருந்து மே மாதம் பிளஸ் டூ முடிவுகள் வெளியாகிக் கூட்டம் சேரும் முன்பே இந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுகிறேன். ஜூன், ஜூலையில் போனால் கலந்தாய்வுக்கு நிற்கும் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்; அவர்களுக்கு அவசரம், நமக்கு அது இரண்டாம்பட்சம் என்றே அலுவலகம் நினைக்கும்.

விண்ணப்பம், கல்லூரிச் சரிபார்ப்பு, ஆதிதிராவிடர் நலத் துறையின் ஒப்புதல் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. இரண்டாம் ஆண்டில்தான் உண்மையான தலைவலி தொடங்கியது. முன்பெல்லாம் இந்தக் கட்டணம் கல்லூரியின் கணக்குக்கே போய்விடும்; மாணவர் அதைக் கண்ணால் பார்ப்பதில்லை. 2021இல் வந்த புதிய வழிகாட்டு நெறிமுறைகளின்படி, செலவை மத்திய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்று பகிர்ந்துகொள்கின்றன. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகு, மத்திய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருகிறது. அதை எடுத்து நாம்தான் கல்லூரியில் கட்ட வேண்டும். ஏட்டளவில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் பணம் வரும்வரை கல்லூரி பொறுத்திருக்க வேண்டுமே! கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் இருந்த எழுத்தர், “பணம் எப்ப வந்தா எங்களுக்கென்ன மேடம், நீங்க கட்டிட்டு அப்புறம் எடுத்துக்குங்க” என்றார். கட்டுவதற்குப் பணம் இருந்தால் அவருடைய மேசைக்கு முன்னால் நான் ஏன் நிற்கப்போகிறேன்?

செமஸ்டர் நெருங்கியது, தேர்வு நுழைவுச்சீட்டை நிறுத்திவைப்போம் என்ற பேச்சும் எழுந்தது. அந்த நேரத்தில் இணையதளத்தில் நிலவரத்தைப் பார்த்தால் ‘செலுத்தப்பட்டது’ என்று இருக்கிறது. தம்பியின் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால் எதுவுமே வரவில்லை. எழுத்தர் இதை நம்பத் தயாராக இல்லை; பணத்தை வாங்கி வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொண்டோம் என்பதைக் கண்ணாலேயே சொன்னார். வங்கிக்குப் போனேன். “ஆதார் லிங்க் ஆகித்தான் இருக்கு, அரசாங்கத்துலதான் கேட்கணும்” என்று கவுண்ட்டரில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். துறையில் கேட்டால் அனுப்பிவிட்டோம், வங்கியில் கேளுங்கள் என்றார்கள். இரு தரப்பும் சொன்னது பொய்யில்லை என்பதுதான் இதில் பெரிய வேதனை.

விடை கிடைத்தது தம்பியின் விடுதி அறைத் தோழனிடமிருந்து. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன் என்ற முறையில் தம்பிக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் வந்திருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியபோது மற்றவர்களின் கைப்பேசிகளுக்கெல்லாம் குறுஞ்செய்தி வந்ததாம், இவனுக்கு மட்டும் வரவில்லை. அந்தத் தோழன்தான், ஆதார் ஆணையத்தின் தளத்துக்குள் போய் வங்கி இணைப்பு நிலையைப் பார்க்கச் சொன்னான். ஆதார் எண்ணையும் கைப்பேசிக்கு வந்த ஓடிபியையும் இட்டதும் திரையில் ஒரு வங்கியின் பெயர் வந்தது. அது எங்கள் வங்கியே இல்லை. நாங்கள் கணக்கே தொடங்காத பேமென்ட்ஸ் வங்கி (கடன் தராமல் சிறு தொகைகளை மட்டும் வைத்திருக்கும் வங்கி) ஒன்றின் பெயர்.

இங்கே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் வங்கிக்காரர்கள்கூட இதைத் தெளிவாகச் சொல்வதில்லை. நம் கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது அடையாளச் சான்றுக்காக. அப்படி எத்தனை வங்கிகளில் வேண்டுமானாலும் பதிந்திருக்கலாம். அரசு உதவிப் பணம் ஆதார் வழியாக வரும்போது கணக்கு எண்ணைப் பார்ப்பதில்லை. வங்கிகளுக்கிடையே மின்னணுப் பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ என்ற அமைப்பு வைத்திருக்கும் பதிவேட்டில் அந்த ஆதாருக்கு நேரே எந்த வங்கியின் பெயர் இருக்கிறதோ, அங்கேதான் போகும். ஓர் ஆதாருக்கு ஒரே ஒரு வங்கிதான் அதில் இருக்க முடியும். கடைசியாகச் சேர்த்தது முன்னதைத் தள்ளிவிடும். ஆகவே “லிங்க் ஆகியிருக்கு” என்று கவுண்ட்டரில் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள், “நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு என்பிசிஐயில் எந்த வங்கி இருக்கிறது?” என்று கேளுங்கள்.

அந்த வங்கி எப்படி உள்ளே வந்தது என்பது யோசித்தபோது புரிந்தது. பிளஸ் டூ முடித்த கோடையில், பேருந்து நிலையத்துக்கு வெளியே குடை போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் தம்பி ஒரு சிம் வாங்கினான். “ரேகை சரியா விழல தம்பி, இன்னொரு தடவை வை” என்று அவர் கேட்டு வாங்கிய இரண்டாவது ரேகை சிம்முக்கானது அல்ல, அந்த வங்கியில் கணக்குத் தொடங்குவதற்கானது. அந்த எண் இப்போது அம்மாவின் பட்டன் போனில் இருக்கிறது. அம்மா குறுஞ்செய்தி படிப்பவரில்லை. உட்பெட்டி நிரம்பி வழிந்த அந்தப் போனில் ரீசார்ஜ் விளம்பரங்களுக்கும் பரிசு விழுந்த மோசடிச் செய்திகளுக்கும் நடுவே கீழே கீழே நகர்த்திக்கொண்டே போனபோது, பணம் வரவு வைக்கப்பட்ட செய்தி கிடந்தது. அதற்கும் மேலே ஆயிரம் ஆயிரமாகத் தமிழ்ப் புதல்வன் பணமும் வந்து சேர்ந்திருந்தது. அம்மாவுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. எனக்கு இரண்டும் வந்தன.

பணத்தை எடுப்பதிலும் கவனம் தேவை. தெருமுனைக் கடையில் ரேகை வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் சொன்னார்கள். அப்படி எடுத்தால் ஒரு முறைக்குப் பத்தாயிரம்தான் வரும், கடைக்காரர் நூற்றுக்கு இவ்வளவு என்று ‘சர்வீஸ் சார்ஜ்’ கேட்பார், கல்லூரிக்குக் காட்ட ஆவணமும் மிஞ்சாது. அந்தச் சிம்மைத் தம்பியின் கைப்பேசியில் போட்டு, வங்கியின் செயலியில் நுழைந்து, மொத்தத்தையும் அவனுடைய பழைய சேமிப்புக் கணக்குக்கு மாற்றி, அங்கிருந்து கல்லூரிக்குக் கட்டினோம். வரவு, மாற்றம், கட்டணம் மூன்றுக்கும் அச்சிட்ட நகல் எடுத்து எழுத்தரின் மேசையில் வைத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் ரசீது போட்டார். தாமதக் கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்யவில்லை. நுழைவுச்சீட்டு கிடைத்ததே போதும் என்று அன்றைக்கு விட்டுவிட்டேன்.

பிறகு பழைய வங்கிக் கிளைக்குப் போய், ஆதார் ஒப்புதல் படிவத்தில் வேறு வங்கியிலிருந்து இங்கே மாற்றக் கோரும் பகுதியைக் குறித்து, முந்தைய வங்கியின் பெயரையும் எழுதிக் கொடுத்தோம். புதிதாக இணைப்பதற்கான கட்டத்தை மட்டும் குறித்துக் கொடுத்துவிட்டு, மாறவில்லையே என்று காத்திருப்பவர்கள் நிறையப் பேர். படிவத்தின் நகலில் கிளை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் மாறிவிட்டதை ஆதார் தளத்தில் நம் கண்ணாலேயே பார்த்த பிறகுதான் நிம்மதி. ஒப்புதலின்றிக் கணக்குத் தொடங்கியது குறித்து அந்த பேமென்ட்ஸ் வங்கிக்கும் எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்பியிருக்கிறேன். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் முறையிடலாம்.

இதையெல்லாம் முடித்துவிட்டு நிமிர்ந்தால், மூன்றாம் ஆண்டுப் புதுப்பித்தலின்போது இன்னொன்று கண்ணில் பட்டது. கட்டணம் தவிர ஆண்டுதோறும் படிப்புச் செலவுக்கான படியும் போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் உண்டு. பொறியியல் போன்ற தொழிற்கல்விக்கு விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து வந்து போகிறவருக்கு 7,000 ரூபாய். தம்பி முதல் நாளிலிருந்து கல்லூரி விடுதியில்தான் இருக்கிறான். கல்லூரி சரிபார்த்து அனுப்பிய இரண்டாம் ஆண்டுப் பதிவில் அவன் வீட்டிலிருந்து வருபவன் என்று இருக்கிறது. விடுதிக் கட்டண ரசீது அதே அலுவலகத்தின் அடுத்த மேசையில் போடப்பட்டதுதான். வேண்டுமென்று செய்தார் என்று சொல்லமாட்டேன். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களை ஒரே மூச்சில் தட்டிவிடும்போது கட்டம் மாறியிருக்கும். ஆனால் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்பது அப்பாவுக்குச் சாரத்தின்மேல் நிற்கும் பல நாட்களின் கூலி.

இந்த ஆண்டு விடுதிக் காப்பாளரிடம் சான்று வாங்கி இணைத்து, எழுத்தர் பதிவைச் சமர்ப்பிக்கும் முன்பே அவருடைய திரையைக் காட்டச் சொல்லி, விடுதி என்று மாறியிருப்பதைப் பார்த்த பிறகுதான் தம்பி அங்கிருந்து நகர்ந்தான். போன ஆண்டின் பாக்கியைப் பற்றிக் கேட்டதற்கு, “முடிஞ்ச வருஷத்தைத் திறக்க முடியாது” என்று பதில் வந்தது. அதை அப்படியே ஏற்க மனமில்லாமல், விடுதி ரசீதுகளை இணைத்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுத்திருக்கிறோம். மனு எண் கையில் இருக்கிறது; மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளதாகக் குறுஞ்செய்தியும் வந்திருக்கிறது. இந்த முறை என் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறேன்.