40-உம் 25-உம் சேர்ந்து 4025 ஆனால்

வெப் பக்கங்களை இயங்க வைக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் பழக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். நோட்பேடும் குரோமும் போதும். கிண்டியிலோ தாம்பரத்திலோ கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் ஒரே ஒரு பக்கம் செய்து பாருங்கள்: மயிலாப்பூர் மெஸ் பில். இட்லி விலைக்கு ஒரு பெட்டி, காபி விலைக்கு ஒரு பெட்டி, 'கூட்டு' என்று ஒரு பட்டன், விடைக்கு ஒரு காலி இடம்.

நோட்பேடில் சேவ் செய்யும்போது 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் எச்டிஎம்எல் (வெப் பக்க ஃபைலின் அடையாளம்) என்று முடித்த பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும். டபுள் கிளிக் செய்தால் மறுபடி நோட்பேடே திறக்கும்.

எழுதத் தொடங்கும் முன்பே குரோமில் எஃப்12 அழுத்தி, தப்புகளைக் காட்டும் பகுதியான கன்சோலைத் திறந்து வையுங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும். கோடில் தப்பு இருந்தால் பக்கத்தில் எதுவும் தெரியாது, பட்டன் அப்படியே கிடக்கும். காரணம் கன்சோலில்தான் சிவப்பில், வரி எண்ணோடு வந்திருக்கும்.

அங்கே அநேகமாக முதலில் வருவது 'நல்' பற்றிய எரர். தேடியது கிடைக்கவில்லை, அங்கே ஒன்றுமில்லை என்று அதற்கு அர்த்தம். பிரவுசர் பக்கத்தை மேலிருந்து கீழே படிக்கிறது. ஸ்கிரிப்டை, அதாவது உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் கோடை, பக்கத்தின் தலைப்பகுதியான ஹெட்டுக்குள் வைத்தால், அது பட்டனைத் தேடும் நேரத்தில் பட்டன் இன்னும் உருவாகியிருக்காது. கண்ணுக்குத் தெரியும் பகுதியான பாடி முடியும் இடத்துக்குச் சற்று மேலே ஸ்கிரிப்டை வையுங்கள். தனி ஃபைலாக இருந்தால் ஹெட்டிலேயே வைத்து, பக்கம் முழுவதும் படித்து முடித்த பிறகு ஓடு என்று சொல்லும் 'டிஃபர்' சேர்க்கலாம். பக்கத்துக்குள்ளேயே எழுதிய கோடுக்கு டிஃபர் வேலை செய்யாது.

விலை போன்ற மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடம் மாறி. அதை உருவாக்கப் பழைய வீடியோக்களில் 'வார்' என்று இருக்கும். ஜாவாஸ்கிரிப்டின் 2015 பதிப்பில் வந்த 'லெட்', 'கான்ஸ்ட்' இரண்டையுமே பழகுங்கள். மாறிக்கு 'விலை' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், தாராளமாக ஓடும். தமிழ் எழுத்துகள் சிதையாமல் இருக்க யூடிஎஃப்-8 என்ற எழுத்து முறையில் சேவ் செய்து, அதைப் பிரவுசருக்குச் சொல்லும் மெட்டா சார்செட் வரியையும் ஹெட்டில் போட்டுவிடுங்கள்.

இப்போது இட்லி 40, காபி 25 என்று அடித்துப் பட்டனை அழுத்தினால் 65 வராது, 4025 வரும். பெட்டியில் அடித்ததைத் தரும் 'வேல்யூ' எப்போதும் எழுத்தாகத்தான் கிடைக்கும். டைப்பை நம்பர் என்று வைத்தாலும் அப்படித்தான். எழுத்துக்கு நடுவே கூட்டல் குறி வந்தால் ஒட்டிவிடும். ஆனால் கழித்தலும் பெருக்கலும் எழுத்தைத் தானாகவே எண்ணாக்கிக்கொள்ளும்: 40-இல் 25 போனால் 15 என்று சரியாகவே வரும். அதனால்தான் இந்தத் தப்பு கண்ணில் படாமல் தப்பிக்கிறது. இரண்டு வேல்யூவையும் தனித்தனியே 'நம்பர்' ஃபங்ஷனுக்குள் போட்டு, பிறகு கூட்டுங்கள்.

65 ஒரு கணம் மின்னி மறைந்து, பெட்டிகளும் காலியானால், பட்டன் ஃபார்முக்குள் (தகவலை நிரப்பி அனுப்பும் படிவத்துக்குள்) இருக்கிறது என்று அர்த்தம். ஃபார்முக்குள் இருக்கும் பட்டன், வேறு எதுவும் சொல்லாவிட்டால் சப்மிட் ஆகிப் பக்கத்தையே மறுபடி லோட் செய்துவிடும். அதன் டைப்பை 'பட்டன்' என்று மாற்றுங்கள்.

காபி பெட்டியைக் காலியாக விட்டால் நம்பர் அதை 0 என்று எடுத்துக்கொள்ளும். இட்லி மட்டும் சாப்பிட்டவருக்கும் பில் சரியாக வரும்.